கட்டிலுக்குப் பின்னால் கிடந்த மாத்திரைகள்

ஆண்டவருக்குள் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் மனைவி எழுதுகிறேன், தோத்திரம். துறைமுகத்தில் வெல்டிங் வேலை இரவு பகலாகப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் நெருப்புக்கு முன்னால் உட்காராதீர்கள். நம் பெரியவளை அடக்கம் செய்த இடத்தில் கல் வைத்தாயிற்று. பெயர் வெட்டியவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் பிறகு இடுக்கில் நுழைத்திருக்கிறார். உங்கள் தங்கை அவரோடு போட்ட சண்டையில் கல்லறைத் தோட்டத்தில் தூங்குகிறவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சின்னவளுக்குக் காய்ச்சல். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை எங்கெங்கோ போகிறது.

பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை கொடுத்தால் இறங்கிவிடும் என்றார் மருத்துவர். கொடுத்தேன், இறங்கவில்லை. பெரியவளுக்கும் இப்படித்தானே தொடங்கியது என்று மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இவளோ சிணுங்காமல் சிரித்த முகமாகப் படுத்திருந்தாள். மாத்திரை என்றாலே வீட்டைச் சுற்றி ஓடுகிற வாயாடி, சமர்த்தாக வாயைத் திறந்தாள். நேற்று பெருக்குவதற்காகக் கட்டிலை இழுத்தேன். சுவரோரம் மாத்திரைகள் கிடந்தன, பாதி கரைந்து, எச்சில் காய்ந்து.

ஏன்டி துப்பினாய் என்று கேட்டேன். காய்ச்சல் போயிட்டா நான் அக்காகிட்ட எப்படிம்மா போறது என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

இதை யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். அடக்கத்தன்று அவள் அழுத அழுகை தாங்காமல், அக்கா பரலோகத்தில் இருக்கிறாள், அங்கே ஊசி இல்லை, வலி இல்லை என்று நான் சொன்னேன். விடுப்பு கிடைக்காமல் அங்கேயே அழுதுகொண்டிருந்த நீங்கள், அக்கா உனக்காகக் காத்திருக்கிறாள் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். உங்கள் தங்கை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் தங்க வீதி, முத்து வாசல் என்று அடுக்கினாள். பிள்ளை அழுகையை நிறுத்தினாள். இந்த வயதில் என்ன விசுவாசம் என்று வந்தவர்கள் மெச்சினார்கள், நானும் பெருமைப்பட்டேன். பொம்மையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அவள் கொடுத்துவிட்டு வந்தபோதுகூட நல்ல மனசு என்றுதான் நினைத்தேன்.

போதகரை அழைத்துவந்தேன். கர்த்தர் கூப்பிடும்போதுதான் போகணும் பாப்பா, நாமளாப் போகக் கூடாது என்றார். அக்காவைக் கூப்பிட்டாரே, என்னை ஏன் கூப்பிடல, என்மேல பிரியம் இல்லையா என்று கேட்டாள் இவள். பாவம், அவர் ஜெபம் செய்துவிட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பரலோகம் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பெரியவள் அங்கே சுகமாக இருக்கிறாள் என்று நம்பித்தான் தினமும் எழுந்து தையல் கூடத்துக்குப் போய்வருகிறேன். அதைப் பிடுங்கிவிட்டால் நான் விழுந்துவிடுவேன். பிடுங்காவிட்டால் இவளையும் பறிகொடுத்துவிடுவேன்.

இப்போது மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நகருகிறேன். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அது இறங்க இறங்க அவள் முகம் வாடுகிறது. மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்காதீர்கள்.

நீங்கள் வர வேண்டும். மேலாளர் காலில் விழுந்தாவது வாருங்கள். தொலைபேசியில் இனி அக்கா காத்திருக்கிறாள் என்று சொல்லாதீர்கள். அப்பா வருகிறேன், நீ இரு என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இன்று தலை வாரிவிடும்போது, நீ தனியா இருக்க மாட்டியேம்மா, நீயும் கூட வர்றியா என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, அத்தான்.

கர்த்தர் உங்களைக் கண்மணிபோல் காத்து, சீக்கிரம் எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக. பிள்ளைக்காக ஜெபிக்கும்போது என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசலையே பார்த்திருக்கும்
உங்கள் மனைவி