ஒரே மதிலுக்குள்

மாதா துணை

கொட்டிவாக்கம்,
புதன்கிழமை

பிரசாத் அப்பாவுக்கு ஜாஸ்மின் எழுதிக்கொள்வது.

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. எதற்கும் நான் பதில் போடவில்லை. இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள். நம் பிள்ளை பிரசாத்தைப் போன வெள்ளிக்கிழமை போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் அடித்த ஆள் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். கொலை வழக்காக மாற்றிவிட்டார்கள்.

தி.நகரில் ஒரு துணிக்கடையில் இரண்டு வருஷமாக வேலை பார்த்துவந்தான். துணி எடுக்க வந்த ஒரு அம்மாவின் போன் காணவில்லை என்று, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் இவன் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதித்திருக்கிறார். போன் கடைசியில் சேலை மடிப்புக்குள் கிடைத்தது. அவர் சிரித்துக்கொண்டே இவன் தோளில் தட்டி, "இதுக்கு இன்னாத்துக்குடா மூஞ்சத் தூக்கி வச்சுக்கினு கீற? போய் வேலையப் பாரு" என்றாராம். இவன் ஷட்டர் இழுக்கிற கம்பியை எடுத்திருக்கிறான். ஒரே அடி. அப்புறம் ஓடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான்.

அதைக் கேட்டதும் எனக்கு நீங்கள்தான் ஞாபகம் வந்தீர்கள். மீன் ஏலத்தில் மரியசெல்வத்தைக் குத்திக் கொன்றுவிட்டு நீங்களும் அப்படித்தானே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள்? அப்போது இவன் என் வயிற்றில் ஐந்து மாசம். இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

உங்கள் அக்கா வந்தார்கள். "அப்பன் ரத்தம், எங்க பூடும்?" என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். நான் வேலை செய்யும் மயிலாப்பூர் வீட்டுச் சூடாமணி டீச்சர் இவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். "ரத்தமாவது ஒண்ணாவது! நாலு பேர் நடுவுல சட்டையக் கழட்டச் சொன்னா யாருக்குத்தான் பொறுக்கும்?" என்று அழுதார்கள். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பொறுக்காதவர்கள் எல்லாருமா கம்பியை எடுக்கிறார்கள்?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவனை யாரும் கொலைகாரன் மகன் என்று சொல்லக்கூடாது என்றுதான் பட்டினப்பாக்கத்தை விட்டு இங்கே வந்தேன். பயத்தை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டேன். மூன்று வயதில் கோபத்தில் ஒரு டம்ளரைத் தூக்கி எறிந்தான். எந்தப் பிள்ளையும் எறியும். நான் கரண்டியைக் காய்ச்சிக் கையில் சூடு வைத்தேன். பள்ளிக்கூடத்தில் சண்டை என்றால் என்ன ஏது என்று கேட்கமாட்டேன், அடிதான். வெங்காயம் நறுக்கக்கூட அவன் கையில் கத்தி கொடுத்ததில்லை. ஒருநாள், "இன்னாம்மா, என்னிய எப்பவும் அப்படியே பாத்துக்கினு கீற?" என்று கேட்டான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இது உங்களிடமிருந்து அவனுக்கு வந்ததா, நான் பார்த்துப் பார்த்தே வரவழைத்ததா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நேற்று அவனைப் பார்க்கப் போனேன். "இனிமே வராதம்மா" என்று மட்டும் சொன்னான்.

அவனையும் நீங்கள் இருக்கிற அதே புழல் ஜெயிலில்தான் வைத்திருக்கிறார்கள், விசாரணைக் கைதிகள் பக்கம். சமையல்கட்டிலிருந்து அந்தப் பக்கமும் சோறு கொண்டுபோவதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் நெற்றி, உங்கள் காது.

நீங்கள்தான் அப்பா என்று சொல்லிவிடாதீர்கள். அவன் பிறப்பதற்கு முன்பே அவன் அப்பா கடலில் போய்விட்டார், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாத மனுஷர் என்று சொல்லித்தான் வளர்த்தேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவான். இப்போது அவனுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு மனுஷர்தான். அவன் உங்கள் பெயரைக் கேட்டால், லாசர் என்று சொல்லாமல் வேறு ஏதாவது சொல்லுங்கள்.

சோறு மட்டும் ஒரு கரண்டி கூடப் போடுங்கள். அவனாகக் கேட்கமாட்டான்.

ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும்.

ஜாஸ்மின்