இல்லாத பம்ப்பின் பாதுகாப்பு

மார்ச் 4

இன்றும் சிவப்பு. காலையில் நிரூபணத்தை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அதே கடைசித் தேற்றம், அதே இடத்தில் முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கிறது. நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்ப்புக்குள் ஓடும் நிரல், டாக்டர் குறித்த அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட ஏற்றாது என்று கணிதமாக நிரூபிக்க வேண்டும். சும்மா சோதித்துப் பார்த்துச் சொல்வது அல்ல, எந்தச் சூழலிலும் ஏற்றவே ஏற்றாது என்று நிரூபிப்பது. சரிபார்க்கும் மென்பொருள் ஒப்புக்கொண்டால் திரையில் பச்சை. ஒப்புக்கொள்ளாததால்தான் நான் இன்னும் ஆராய்ச்சி மாணவி.

அம்மா போனில்: "இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கியா? உன்கூடப் படிச்சவ பிள்ளையே ஸ்கூலுக்குப் போகுது." அந்தப் பிள்ளை எனக்கு முன்னால் பட்டம் வாங்கிவிடும் போலிருக்கிறது.

மார்ச் 9

சிவப்பு.

மார்ச் 13

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் அங்கே தீவிர சிகிச்சை வார்டில் நர்ஸ். பம்ப்பில் குப்பி தீர்ந்தால் என்ன செய்கிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்தேன். இரண்டு குப்பி வைக்கும் பம்ப். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து, தீர்ந்த குப்பியை மாற்றி, மூடுகிறார்கள். "மோட்டாரை நிறுத்தினா பேஷண்டுக்கு பிரஷர் இறங்கிடும்" என்றார். நிரூபணத்தில் இதைச் சேர்க்காமலே விட்டிருக்கிறோம்!

மார்ச் 14

சேர்த்தேன். மோட்டார் ஓடும்போதே கதவு திறக்கும் என்று ஓர் அனுமானம், ஒரே வரி. ஓட்டினேன்.

பச்சை!!

டீ குடிக்கப் போகக்கூட அவகாசம் தரவில்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் பச்சை. பக்கத்து மேஜைக்காரன் (மத்தியானமானால் தூங்கிவிடுவான், லேபில் அவனுக்குக் குறட்டை என்றுதான் பேர்) எழுந்து உட்கார்ந்து கைதட்டினான். என் ஆராய்ச்சிக்குக் கைடாக இருக்கும் பேராசிரியர் வந்து திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே?" என்றார். எப்போது, என்ன சொன்னார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்தார். "இனிமே வர்ற பம்ப்புக்கு என் பொண்டாட்டி கேரண்டின்னு வார்டு முழுக்கச் சொல்லிட்டேன்."

மார்ச் 20

கைடுக்கு இறக்கை முளைத்துவிட்டது. கட்டுரை தயார், வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கேட்டாயிற்று. பம்ப் செய்யும் கம்பெனி அடுத்த மாதமே எங்கள் நிரலைப் பம்ப்பில் ஏற்றி வார்டில் வைக்கப் போகிறதாம். எனக்கு மட்டும் ஏன் நம்ப முடியவில்லை? சந்தோஷப்படத் தெரியாத ஜென்மமா நான்? இத்தனை வருஷம் முரண்டு பிடித்தது ஒரே வரியில் எப்படிச் சாதுவானது?

மார்ச் 23

மென்பொருளிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். ஒன்றும் இரண்டும் சமம், நிரூபி.

பச்சை.

போச்சு. எல்லாம் போச்சு.

மார்ச் 24

கண்டுபிடித்துவிட்டேன். வேலை சுலபமாகட்டும் என்று கைடு போன வருஷமே ஓர் அனுமானம் போட்டு வைத்திருக்கிறார்: மோட்டார் ஓடும்போது கதவு திறக்காது. நான் போட்டது: திறக்கும். இரண்டுக்கும் பொருந்துகிற பம்ப் எங்கேயும் கிடையாது. இல்லாத பம்ப்பைப் பற்றி என்ன சொன்னாலும் மென்பொருள் தலையாட்டும். மருந்தைக் கூட்டி ஏற்றாது என்றாலும் சரி, பாட்டுப் பாடும் என்றாலும் சரி. ஆக, உலகிலேயே பாதுகாப்பான கருவியைப் பற்றித்தான் நிரூபித்திருக்கிறேன். அப்படியொன்று இல்லை, அவ்வளவுதான் குறை.

குறட்டை சொன்னான்: "மூச்சு விடாதே. ஒண்ணும் ரெண்டும் சமமான்னு எவன் வந்து கேக்கப் போறான்?" சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான்.

மார்ச் 25

கைடிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"நிரூபணத்துல தப்பு இல்லையே?"

"இல்ல சார்."

"அனுமானம்தானே இடிக்குது? அதை யாரும்மா படிக்கிறா? கட்டுரை போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "சார், அந்த வார்டுல நிக்கிறது என் வீட்டுக்காரரு. மருந்து கூடிப் போய் ஒரு உசுரு போனா யார் பதில் சொல்றது?" கத்தியேவிட்டேன். எதிர் அறைக் கதவு திறந்து மூடியது.

"வாபஸ் வாங்கினா தேர்வு தள்ளிப்போகும். உதவித்தொகையும் நின்னுடும். யோசிச்சுக்கோ."

"நிக்கட்டும் சார்." கம்பெனிக்கு நானே எழுதி நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 27

வீட்டில் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தார். அப்புறம், "ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டேனேடி! இப்ப மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"ஆள் செத்திருந்தா மூஞ்சி நல்லாவா இருந்திருக்கும்?" நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்தான். பேச்சு நின்றுவிட்டது. சாப்பிடும்போது உப்பு போதுமா என்று மட்டும் கேட்கிறார்.

மார்ச் 28

இன்றும் உப்பு மட்டும்தான்.

ஆகஸ்ட் 17

கைடின் அனுமானத்தை எடுத்ததுமே நிரூபணம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது, அதைத்தான் இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். தினமும் முதல் வேலை, ஒன்றும் இரண்டும் சமமா என்று கேட்பது. முடியாது என்று அது அடம்பிடித்தால்தான் எனக்கு டீ இறங்குகிறது.

இன்று நிஜமான தப்பு அகப்பட்டது. கதவைத் திறந்து மூடும் அந்த நேரத்தில் நிரல் இரண்டு குப்பியையும் சேர்த்து ஓட்டுகிறது. இரட்டை அளவு மருந்து!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "எங்க வார்டுலயே நடந்திருக்கும்ல?" என்றார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 11

திருத்திய நிரல், புது அனுமானங்கள். பச்சை. நம்பவில்லை. நிஜப் பம்ப் ஒன்றை ஓடவிட்டு அனுமானங்கள் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பொருந்துகின்றன. அதற்கப்புறம்தான் அழுதேன்.

மே 2

தேர்வு முடிந்தது, நான் இனி டாக்டர். ஊசி போடாத டாக்டர் என்று அம்மாவுக்குக் குறை. கைடு மாநாட்டில் "முரண்பாட்டை நாங்கள் கண்டுபிடித்த விதம்" என்று பேசினாராம், ஏக கைதட்டல். அந்த "நாங்கள்" என்பதில் குறட்டையும் சேர்த்தி.

ஜூன் 6

பம்ப் இன்று வார்டுக்கு வந்துவிட்டது. பழைய கதை தெரிந்ததால் எல்லோரும் தயங்கினார்களாம். நான் கவனிக்கும் நோயாளிக்கு முதலில் வையுங்கள் என்று டாக்டரிடம் வீட்டுக்காரரே போய்க் கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கம்பெனி என்ஜினியர் சொல்லித்தான் தெரியும். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கை தானாகப் போனைத் தேடியது.

"மருந்து சரியா இறங்குதா? கொஞ்சம் போய்ப் பாத்துச் சொல்லுங்க."

"நீதானே நிரூபிச்ச?"

"நிரூபிச்சேன்தான். இருந்தாலும்..."

போனார், பார்த்தார், வந்தார். "இறங்குது." கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டேன். மறுபடி போய்ப் பார்த்தார். அடுத்த முறை எடுத்ததுமே, "இனிமே கூப்பிட்டா ஆஃப் பண்ணிடுவேன்" என்றார்.

"ஐயோ, எதை?"

"போனைத்தான்டி."