விளக்கு அணைந்ததும் போட வேண்டிய சுவிட்ச்

இல்லை, விஜிலா. உன் தம்பி வேண்டுமென்று செய்யவில்லை. போலீஸ் சொன்னதை உன் அம்மா அப்படியே மஸ்கட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும். போனில் வாய் வரவில்லை.

ஜாய்சன் பிழைத்துவிட்டான். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன. கையில் பூட்ட முடியாததால் விலங்கைக் காலில் பூட்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலோடு இணைத்திருக்கிறார்கள்.

புயலுக்குப் பிறகு மெயின் லைன் வரவில்லை. நம் ஐஸ் கம்பெனி சோலாரில் ஓடியது, மேகம் விலகவில்லை. தெற்கூரில் காற்றாலை சுற்றியது. இரண்டு ஊரையும் இணைக்கும் லைனும் பலகையும் போன மாதம் நான் அமைத்தவை. தெற்கூர்க்காரர்கள் தரமாட்டோம் என்றார்கள். லிங்கராஜ் அண்ணாச்சி ஆட்களோடு போய் மூன்று பேர் மண்டையை உடைத்துச் சம்மதிக்க வைத்தார். கம்பெனியில் அவர் வைத்திருந்த அறுபது பெட்டி சீலா மீன் அழுகத் தொடங்கியிருந்தது.

இரண்டு ஊர் மின்சாரமும் அலையாக ஏறி இறங்குவது. இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும் நொடியில்தான் இணைக்க வேண்டும். தானாக இணைக்கும் கருவி புயலில் போய்விட்டது. பலகையில் விளக்குகள் மட்டும் இருந்தன. அவை அணையும்போது சுவிட்சைப் போட வேண்டும். எரியும்போது போட்டால் வெடிக்கும்.

கம்பெனியில் இப்போது ஓடாத பழைய ஜெனரேட்டரில் நேர்மாறு. அங்கே வயரை மாற்றிக் கட்டியிருந்தார்கள். விளக்கு நன்றாக எரியும்போது போட வேண்டும். ஜாய்சன் எட்டு வருடம் அப்படித்தான் போட்டான். புதுப் பலகையை நான் காலேஜில் படித்த முறைப்படி கட்டினேன். அவனிடம் சொல்லவில்லை.

அன்று பகல் நான் தெற்கூரில் நின்றேன். போனில், போடட்டுமா என்று கேட்டான். விளக்கைப் பார்த்துப் போடு என்றேன். அவ்வளவுதான். அவனுக்குப் பக்கத்தில் அரிவாளோடு லிங்கராஜ் அண்ணாச்சி. அவர் குரலும் கேட்டது.

"சுவிட்சப் போடுதியா, ஒன்னயப் போடவாலே?"

விளக்கு எரிந்தது. போட்டான்.

வெடித்ததில் சுவிட்ச் பெட்டியின் இரும்புக் கதவு பிய்ந்து அண்ணாச்சியின் மார்பில் இறங்கியது. அங்கேயே போய்விட்டார். வெந்த கையோடு கிடந்த உன் தம்பியை அவருடைய ஆட்கள் கம்பியால் அடித்தார்கள். வலைத் தகராறில் அண்ணாச்சியிடம் "ஒன்ன விடமாட்டேன்" என்று ஜாய்சன் எப்போதோ சொன்னானாம். அதை வைத்துக் கொலை வழக்கு.

வாயைத் திறக்காதே என்கிறார் என் மேலதிகாரி. நேற்று அண்ணாச்சியின் தம்பி எங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, வயர் கட்டியது யார் என்று அப்பாவிடம் கேட்டுப் போனான். இடுப்பில் துணி சுற்றிய ஏதோ இருந்ததாம்.

ஜாய்சன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "அக்கா, நான் சரியாத்தான போட்டேன்?" என்று மட்டும் கேட்டான். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

சீக்கிரம் வா. என் முகத்தில் நீ விழிக்க வேண்டாம். அவனிடம் போ. பனிமய மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
சந்தனச்செல்வி

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன் ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு பலகைகளின் வரைபடங்களையும் கொடுத்து, புதியதைக் கட்டியவள் நான், அவனுக்குச் சொல்லாதவளும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.