மேட்டைத் தாண்டிப் போன குதிரைகள்

நார்த்தாம்டன் தேவாலயம்,
1645, ஜூன் 17

ராஜாவின் குதிரைவீரர் மாப்பிள்ளை இத்தெலுக்கு, உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு உனக்கு அத்தானாகிப்போன மெய்ரிக் எழுதுவது. உனக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று கேள்விப்பட்டேன். நல்ல குதிரை. நான் பார்லிமென்ட் படையிடம் கைதி. ஐந்நூறு பேர் இங்கே படுத்திருக்கிறோம். என் ஆயுளில் இவ்வளவு நேரம் தேவாலயத்தில் இருந்ததில்லை. எழுத்துக் கோணலைப் பார்த்துக் கை போய்விட்டதோ என்று பயப்படாதே, என் எழுத்தே அப்படித்தான்.

சனிக்கிழமை நேஸ்பியில் நீங்கள் வலப்பக்கத்திலிருந்து பாய்ந்ததை, நடுவில் ஈட்டியோடு நின்ற நாங்கள் பார்த்தோம். எதிரிக் குதிரைகள் சிதறி ஓடின. பக்கத்தில் நின்ற தச்சன் ஹௌவெல், "உம்ம மச்சினன் போற வேகத்தப் பாரும், ராத்திரி லண்டன்லதான் சாப்பாடு" என்றான். நாங்களும் மேடேறி அவர்களுடைய முன்வரிசையைத் தள்ளிவிட்டோம். இனி நீங்கள் திரும்பி வந்து அவர்கள் முதுகில் இடிக்க வேண்டும். அதுதான் பேச்சு.

நீங்களோ மேட்டைத் தாண்டி அவர்களுடைய சாமான் வண்டிகளைத் தேடிப் போய்விட்டீர்கள். என்ன கிடைத்தது மாப்பிள்ளை, வெண்ணெயா, காலுறையா? நம் இடப்பக்கத்தை உடைத்த அவர்களுடைய குதிரைப்படை, ஓடியவர்களைத் துரத்த ஒரு பகுதி போக, மற்றது நின்றது. வரிசை கட்டியது. எங்கள் பக்கம் திரும்பியது. பதினாறடி ஈட்டியை ஒரே பக்கம்தான் நீட்ட முடியும். "இப்ப வந்துருவாங்க, இப்ப வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டே ஹௌவெல் விழுந்தான். பிறகு ஈட்டிகளைக் கீழே போட்டோம்.

அதற்கப்புறம் அவர்களுக்கும் நம் வண்டிகளுக்கும் நடுவில் யாருமில்லை. உன் அக்கா லௌரி அங்கேதான் இருந்தாள், மற்றப் பெண்களோடு, கஞ்சிப் பானையண்டை.

இங்கே காவல் நிற்பவன் கெட்டவன் இல்லை, ரொட்டி தருகிறான். அவனைக் கேட்டேன். "ஏதோ புரியாத பாஷைல கத்துனாங்க. கையில சமையல் கத்தி. அயர்லாந்துக்காரிங்கன்னு நெனச்சு வெட்டிட்டாங்க எங்க ஆளுங்க, அவங்கன்னாலே ஆத்திரம்" என்றான். நூறு பேருக்கு மேல் என்றான். "அது வேல்ஸ் பாஷைய்யா, எங்க வீட்டுப் பாஷை" என்றேன். அவன் தன் காலணியைப் பார்த்தான்.

குளிர்காலம் முழுக்க உன் அக்கா இங்கிலீஷ் சொல்லிக்கொடு என்று கேட்டாள். "கத்துக்கிட்டு எந்த இங்கிலீஷ்காரன மயக்கப் போறே?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்துவிட்டுக் கேட்பதை விட்டுவிட்டாள்.

நாளை எங்களை லண்டனுக்கு நடத்திப் போகிறார்கள். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. உன்னிடம் குதிரை இருக்கிறது. எப்படியாவது நம் வண்டிகள் நின்ற ஹார்பரோ பாதையில் ஒருமுறை போய்ப் பார். முகத்தை வெட்டி உயிரோடு விட்ட பெண்களும் உண்டாம். அடையாளம் தெரியாவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடு.

ஊரில் என் மகள் நெஸ்ட் சேதிக்குக் காத்திருப்பாள். எது தெரிந்தாலும் எனக்கு எழுது, அவளுக்கு எழுதாதே. அம்மாவும் அப்பாவும் ஒன்றாகத்தான் லண்டனுக்குப் போகிறார்கள் என்று மட்டும் அவளுக்குச் சொல்லி அனுப்பு.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், மாப்பிள்ளை.

உன் அத்தான்
மெய்ரிக்