மேனேஜர் சொன்ன சொல்

அன்புள்ள சிநேகா,

நீயும் வயிற்றில் இருக்கும் நம் பிள்ளையும் சுகம்தானே? இந்த ஸ்பெயின் குளிரில் எனக்கு இருமல் மட்டும்தான். பயப்படாதே.

நேற்று போனில், "பிரசவத்துக்கு லீவு கேட்டியே, இன்னா சொன்னாங்க?" என்றாய். "ஒஹலா" என்றேன். "அப்டின்னா இன்னா?" என்று கேட்டாய். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மேனேஜர் சொன்ன பதில் அது. அரபு ராஜாக்கள் இங்கே ஆண்ட காலத்துச் சொல்லாம். நம் பிரியாணிக் கடை பாய் 'இன்ஷா அல்லா' என்பாரே, அந்த மாதிரி. சர்ச்சுக்கே போகாதவர்களும் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியவரே கடவுளைக் கைகாட்டினால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

திருக்கழுக்குன்றம் மலை ஏறாதே, அடிவாரத்திலேயே கும்பிடு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதே. ஸ்கேன் படம் அனுப்பு. ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

உனக்கு வலி எடுக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன். ஒஹலா.

ஹேமந்த்