பக்கத்து டென்ட்டில் நுழைந்த அப்பா

என் பெரியவளுக்கு,

நீ உடம்பும் மனசுமாக நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இங்கே நாங்கள் நால்வரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அதில் ஒருவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அவர் உங்கப்பா. போனில் கேட்டால் நீ சிரித்துச் சமாளித்துவிடுவாய். எல்லாரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மலைக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கலாம் என்று உன் தம்பி வாண்டும் தங்கை குட்டியும் ஒரு வருஷமாக உயிரை வாங்கினார்களே, போன வாரம் போய்வந்தோம். ஏறும்போது பாதி வழியில் ஒரு அருவி, எல்லாரும் குடும்பம் குடும்பமாகக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கப்பா மட்டும் ஆட்டை ஓட்டுகிற மாதிரி எங்களை விரட்டுகிறார். "வெளிச்சம் இருக்கறப்பவே மேல போயிடணும், நடங்க நடங்க" என்று ஒரே பாட்டு. குட்டி அழுதேவிட்டாள். பெற்ற பிள்ளை அழுதால் உருகிப்போகிற மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கேதான் எனக்கு முதலில் உறுத்தியது. மேலே போனதும் டென்ட் அடித்துவிட்டு, குழாய்க்கும் கழிப்பறைக்கும் டென்ட்டுக்குமாகப் பூனை மாதிரி நடக்கிறார், வருகிறார், மறுபடி நடக்கிறார். கேட்டால் "காலு மரத்துப் போச்சு" என்கிறார். ஆளுக்கொரு நெற்றி விளக்கு வாங்கினவர் தனக்கு மட்டும் இரண்டு வைத்திருந்தார். எங்கேயோ பாட்டில் ஒளித்துவைத்திருக்கிறார், அதற்குத்தான் இந்த நடை என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

இருட்டியதும் பிள்ளைகள் அவருடைய விளக்கு இரண்டையும் பிடுங்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டார்கள். கை கழுவப் போன மனுஷன் திரும்பி வந்து, நேராகப் பக்கத்து டென்ட்டுக்குள் நுழைந்து, அங்கே படுத்திருந்த பல் டாக்டரிடம் "கொஞ்சம் தள்ளிப் படும்மா" என்றிருக்கிறார். அந்த ஆள் அலற, அவர் மனைவி டார்ச் அடிக்க, ஊரே கூடிவிட்டது. "அப்பா வேற குடும்பம் பிடிச்சுட்டாரு" என்று வாண்டு உருண்டு உருண்டு சிரித்தான், நானும்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் போய் வாயை முகர்ந்து பார்த்தேன். டீ வாசனைதான் வந்தது. உங்கப்பா மட்டும் சிரிக்கவில்லையடி.

மறுநாள் விடியலுக்கு முன்பே சூரியோதயம் பார்க்க எல்லாரும் உச்சிக்குக் கிளம்பினோம். முன்னால் வாண்டு, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உங்கப்பா, கடைசியில் நானும் குட்டியும். ரயில் விளையாட்டாம். வாண்டு நடந்துகொண்டே "கல்லு வருது, படி வருது, இடது பக்கம் பள்ளம்" என்று சொல்லிக்கொண்டு போகிறான். விளையாட்டில் யாராவது இத்தனை சரியாகப் பள்ளத்தைச் சொல்வார்களா? உச்சியில் அவனைத் தனியாகக் கூட்டிப்போய் பிஸ்கட் கொடுத்து வாயைக் கிண்டினேன். "வேன் நிறுத்துற எடத்துலருந்து வீட்டுக்கு இருட்டிட்டா இப்படித்தான் வருவோம், அம்மாகிட்ட சொன்னா எஞ்சின் வேலை போயிடும்னு அப்பா சொல்லியிருக்காரு" என்றான். மீதி பிஸ்கட்டையும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எனக்கென்ன, கழுகுக் கண்ணு" என்றார். நம்பவில்லை. நேற்று சாயந்தரம் நடைவழியில் விளக்கை அணைத்து, நட்டநடுவில் காலி வாளியை வைத்துவிட்டுச் சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். பாவிதான் நான். நேராக வந்து இடித்துக்கொண்டு "யாரு இதை இங்க வச்சது" என்று கத்தினார். குட்டி அதே வழியில் அவருக்கு முன்னால் ஓடிவந்தாள், வாளியைச் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். மலையில் அவர் நடந்து நடந்து பார்த்தது பாட்டிலுக்காக இல்லையடி, இருட்டுவதற்குள் வழியைக் காலுக்குப் பழக்கத்தான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். மலைக்குப் போகிறோம் என்று நான் சொன்னதும் நீ என்ன கேட்டாய்? சாப்பாடு என்ன, குளிருமா, ஒன்றும் கேட்கவில்லை. "இருட்டறதுக்குள்ள மேல போய்ச் சேந்துடுவீங்களாம்மா" என்றாய். என்றைக்கடி நீ அப்படியெல்லாம் கேட்டிருக்கிறாய்? அவர் உன்னோடு பேசும்போது ஏன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறார்? பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, உன்னை மடியில் போட்டுக்கொண்டே பட்டப்படிப்பை முடித்தவள் நான், உன் குரலில் ஒரு இழை பிசகினாலும் எனக்குத் தெரியும். டாக்டரைப் பார்த்தாரா, என்ன சொன்னார்கள், உன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாரா, எல்லாம் எனக்குத் தெரியவேண்டும். அவருக்கு அந்த ஸ்கூல் வேன் ஓட்டுவதுதான் உயிர், அதை விட்டால் ஒடிந்துபோவார் என்று நீ பயந்திருப்பாய், அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் குளிர்காலம் வந்துவிட்டது, முதல் பிள்ளையை ஏற்றும்போது தெரு இன்னும் விடிந்திருக்காது. அந்த வேனில் முன்னால் உட்கார்ந்து பள்ளம் சொல்ல எஞ்சின் கிடையாது, பின்னால் இருப்பது முழுக்க மற்ற அம்மாக்கள் நம்பி ஏற்றிவிட்ட பிள்ளைகள்.

நீ எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நன்றாக இரு. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து இப்போதே உன் போனுக்கு அனுப்புகிறேன், பார்த்ததும் கூப்பிடு, அப்பாவை அல்ல, என்னை. விடிந்ததும் அவர் வேன் சாவியைத் தேடுவார். அது என் இடுப்பில் இருக்கிறது, நான் கொடுக்கப்போவதில்லை.

அன்பும் கோபமுமாக,
உன் அம்மா