வியர்க்காத முதுகு

22.3.1971, திங்கள்

இன்று ஃபோர்மேன் தாமோதரன் எல்லோர் முன்னாலும் என் முதுகைத் தடவிப் பார்த்தார். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி முடித்த நேரம். மற்றவர்கள் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். என்னுடையது இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று இருந்தது.

"இன்னா லியோனார்ட், எல்லாரும் வேல செய்றாங்கோ, நீ மட்டும் கல்யாணத்துக்கு வந்த மாரி நிக்கிற?"

பட்டறையே சிரித்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை குழாயடியில் சட்டையை நனைத்துப் போட்டேன், அதுவும் காய்ந்துவிட்டது என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். நனைக்காவிட்டால் எனக்குக் கண் இருட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். 'சூட்டு உடம்பு' என்பாள் அம்மா. இருபத்தேழு வருஷமாக நானும் அதையே நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு ஏன் வியர்ப்பதில்லை? ஒருநாளாவது உட்கார்ந்து யோசித்தேனா? வெட்கக்கேடு.

25.3

கூடப் பிறந்த ஃப்ளோரன்ஸ் அக்காவின் பையன் அருளுக்கு இன்றும் ஜுரம். மதியம் ஏறுகிறது, சாயங்காலம் கடல்காற்று வந்ததும் இறங்குகிறது. மூன்று ஊசி போட்டாயிற்று. மூத்தவன் ஜோசப்புக்கும் இதே மாதிரிதான், இதே பத்து மாத வயதில். அவன் போனது அறுபத்தொன்பது மே மாதம். வீட்டில் யாரும் மே என்று வாயால் சொல்வதில்லை. அக்கா காலண்டரைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

28.3, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் தேவப்பிரியத்திடம் தாமோதரன் கதையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், இப்போது மருத்துவக் கல்லூரி லேபில் அட்டெண்டர். கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துத் துடைத்தே கால் டாக்டர் ஆகிவிட்டான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வேர்வ வர்ற எடத்த பாக்க ஒரு மருந்து கீது மாமு. பொதன்கெழம வா."

31.3, புதன்

லேப் மொட்டைமாடி. மதியம் ஒரு மணி வெயில். இரண்டு பேரும் சட்டையைக் கழற்றினோம். முதுகிலும் கையிலும் அயோடின் தடவி, காயவிட்டு, மேலே கஞ்சி மாவு தூவினோம். வியர்வை பட்ட இடம் மட்டும் கறுநீலமாகும்.

அவன் முதுகில் ஐந்தே நிமிஷத்தில் புள்ளி புள்ளியாக வந்து, ஒன்றோடொன்று கலந்து, மை கொட்டியது போல் ஆனது. என் முதுகு கடைசிவரை மஞ்சளாகவே இருந்தது. உள்ளங்கையில் மட்டும் எண்ணி ஏழு புள்ளி. ஏழும் எங்கே என்று இங்கே படம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் தலை சுற்றியது, தேவப்பிரியம் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தான்.

பொய்யில்லை. சோம்பேறித்தனம் இல்லை. தாமோதரனை அந்த மாடிக்கு இழுத்து வந்து காட்ட வேண்டும்.

3.4, சனி

இன்று தேவப்பிரியத்தின் லேபில், கண்ணாடிச் சில்லில் ஒட்டிவைத்த தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். யாருடைய தோலோ, கடவுள் அவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தருவாராக.

மேலே தட்டைத் தட்டையான செல்கள், ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று. கீழே போகப்போகப் பருமன். ஆக அடியில் நெட்டையாக ஒரு வரிசை. அங்கேதான் புதிது பிறக்குமாம். பிறந்தது மேலே ஏறித் தட்டையாகி, செத்து, உதிர்ந்துபோகுமாம். அப்படியானால் நான் தினம் தேய்த்துக் குளிப்பது செத்ததைத்தானா? இன்னும் ஆழத்தில், ஒற்றை இடியாப்ப இழையைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு குழாய். அதன் சுவரும் செல்கள்தான், சதுரம் சதுரமாக. அங்கிருந்து நெளிந்து நெளிந்து மேலே வந்து தோலில் வாய் திறக்கிறது. வியர்வைச் சுரப்பி. அரைமணி நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"அது தனியா கொண்டாந்து வச்சது இல்ல மாமு," என்றான் தேவப்பிரியம். "வயித்துல இருக்கசொல்ல மேல்தோலே உள்ள எறங்கி சுருண்டுக்குது. மயிரும் அப்டித்தான் மொளைக்குது, பல்லும் அப்டித்தான்."

எனக்குச் சிலிர்த்தது. என் தலையில் பூனைமயிர். வாயில் ஆறு பல், ஆறும் ஆணி மாதிரி. வியர்வை கிடையாது. மூன்று குறை என்று இத்தனை நாள் தனித்தனியாக அழுதிருக்கிறேன். மூன்றும் ஒரே குறை. உள்ளே இறங்க வேண்டியது இறங்கவில்லை, அவ்வளவுதான். என்னமோ சந்தோஷமாக இருந்தது.

அப்போது லேபைப் பார்த்துக்கொள்ளும் வரலட்சுமி டாக்டர் உள்ளே வந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "அம்மாவோட சகோதரர்கள் யாருக்காவது இப்படி இருந்ததா? கூடப் பிறந்த பெண்கள் உண்டா? அவங்களுக்கு ஆண் குழந்தை?"

மூன்றாவது கேள்வியில் என் சந்தோஷம் போயிற்று.

4.4, குருத்து ஞாயிறு

அருளின் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரே பல். ஆணி.

மதியம் அவன் கழுத்தைத் தொட்டேன், அடுப்புக்கல் சூடு, ஈரமே இல்லை. ஒருவேளை எல்லாக் குழந்தைகளும் இப்படித்தானோ என்று தெருவில் இறங்கி அகப்பட்ட பிள்ளைகளின் கழுத்தையெல்லாம் தடவினேன். எல்லாம் நசநசவென்று ஈரம். மீன்காரக் குப்பம்மா கூடையை இறக்கிவிட்டு, "இன்னாபா, சந்தையில ஆட்ட பாக்குற மாரி புள்ளைங்கள பாக்குற?" என்றாள்.

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு இரண்டு தம்பிகள் இருந்தார்களாம். இரண்டும் கைக்குழந்தையாகவே, கோடையில். பிறகு நான் எப்படிப் பிழைத்தேன்? "நீ தொட்டிய வுட்டு வெளிய வரமாட்ட. தூக்குனா கத்துவ. உன்கூட மாரடிக்க முடியாம தண்ணியிலயே வுட்டுட்டேன்."

13.4

வரலட்சுமி டாக்டர் அருளைப் பார்த்தார். அதேதான். ஜுரமே இல்லை, வெளியேற வழியில்லாத சூடு. ஈரத்துணி சுற்றணும், தண்ணீரில் உட்காரவைக்கணும், போர்த்தவே கூடாது. அக்கா தலையாட்டினாள். அம்மாவோ வீட்டுக்கு வந்து, "ஜுரத்துல தண்ணி ஊத்துனா ஜன்னி வரும். பெத்து வளத்தவ நானா அந்த டாக்டரம்மாவா?" என்றாள்.

4.5, செவ்வாய்

கத்திரி தொடங்கிவிட்டது.

எழுதிட்டுத்தான் தூங்கணும்.

காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தேன். அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அம்மா மடியில் அருள், கழுத்துவரை கம்பளி. கண் மேலே செருகியிருந்தது. கால் வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பிடுங்கினேன். விடமாட்டேன் என்றாள். என் அம்மாவைத் தள்ளினேன் — ஆமாம், தள்ளினேன், சுவரில் இடித்துக்கொண்டாள். கம்பளியை உரித்து எறிந்துவிட்டு, தண்ணித் தொட்டிக்குள் அவனோடு நானும் இறங்கி உட்கார்ந்தேன்.

"கொன்னுடாதடா, கொன்னுடாதடா" என்று முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு பலம் அவளுக்கு. நான் சொம்பு சொம்பாக ஊற்றினேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். டாக்டர் தப்பு, நான் தப்பு, அந்தக் கண்ணாடிச் சில்லு தப்பு என்றால் இந்தப் பிள்ளை என் கையில்தானே சாகும்? சேசுவே சேசுவே என்றுதான் வாயில் வந்தது.

இழுப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் அழுதான். அப்புறம் தண்ணீரைக் கையால் அடித்தான். இன்னொரு தடவை அடித்தான். அம்மா அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

6.5

தாமோதரனிடம் டாக்டர் சீட்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். என் வேலையைக் குழாயடிப் பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

31.5

மே முடிந்தது. அருள் தொட்டியிலேயே தூங்கப் பழகிவிட்டான், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். முக்கால்வாசி அம்மாதான் பிடித்துக்கொள்கிறாள்.

20.6, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது அம்மா எதிரில் உட்கார்ந்தாள். அக்கா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஜோசப்புக்கும் தண்ணி ஊத்தியிருந்தா பொழச்சிருப்பானாடா? அன்னிக்கு நான்தானே போத்தி வச்சிருந்தேன்."

எத்தனை நாள் இதைச் சுமந்தாளோ.

"அது வேற ஜுரம்மா. டைபாய்டு. டாக்டர கேட்டுட்டேன்."

கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பொய் சொன்னால் நெற்றி வியர்க்கும் என்பது அம்மாவின் சட்டம். அக்காவை அப்படித்தான் எப்போதும் பிடிப்பாள். என் நெற்றியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு "சரி, துன்னு" என்று சொல்லிவிட்டு, அருளைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள்.